யார் அந்த "நாம்"? மருத்துவர் சங்கத்தின் தன்மைப் பன்மை குறித்து

மருத்துவர் சங்கங்கள் குறித்துச் சென்ற வாரம் நான் எழுதிய நான்கு வரிக் குறிப்புக்கு வந்த மறுமொழிகளுள் பெரும்பாலானவை ஒரே வாதத்தை வெவ்வேறு சொற்களில் கூறின. சங்கம் என்பது உறுப்பினர் நலனுக்காக அமைவது. நெசவாளர் சங்கம் நெசவாளரைக் காக்கிறது, ஆசிரியர் சங்கம் ஆசிரியரைக் காக்கிறது. மருத்துவர் சங்கத்திடம் மட்டும் ஏன் பொதுநலத்தை எதிர்பார்க்க வேண்டும் என்பதே அவ்வாதம். கேட்டவர்களுள் இருவர் ஆய்வு மாணவர்கள், ஒருவர் சமூகவியல் கற்பிக்கும் பேராசிரியர். ஆகவே நான்கு வரியில் விடை சொல்லி நழுவ இயலவில்லை. பதிவு நீளும், பொறுத்தருள்க.

மருத்துவர் சங்கம் தொழிற்சங்கமாக மட்டும் இருந்திருந்தால் எனக்கு அதனோடு வழக்கே இல்லை. தொழிற்சங்கம் தன்னைத் தொழிற்சங்கம் என்றே அறிவித்துக்கொள்கிறது. எதிரே அமர்ந்திருப்பவர் முதலாளி என்பதும் அனைவருக்கும் தெரியும். மருத்துவர் சங்கமோ ஒரு நாள் அறிவவையாகவும், மறுநாள் உழைப்பவர் அமைப்பாகவும், மூன்றாம் நாள் மருத்துவமனை உரிமையாளர் கூட்டமைப்பாகவும் பேசுகிறது. மூன்றுக்கும் ஒரே பெயர்ப்பலகை, ஒரே முத்திரை. எந்த நாளில் எந்த வேடம் என்பதை அன்று எதிரே நிற்கும் சட்டம் தீர்மானிக்கிறது. இதுவே என் குற்றச்சாட்டு. இதற்கு முதன்மைச் சான்றாக இந்திய மருத்துவச் சங்கத்தின் ராஜஸ்தான் கிளை 2023ஆம் ஆண்டில் நடந்துகொண்ட முறையை எடுத்துக்கொள்கிறேன். மாநிலக் கிளையை எடுப்பதற்குக் காரணம் உண்டு. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. தில்லித் தலைமையகம் அறிக்கை விடலாம். ஒரு சட்டத்தை நடக்க விடுவதா முடக்குவதா என்பது மாநிலக் கிளையின் கையில்தான் பெரிதும் இருக்கிறது.

முதலில் என் துறை சார்ந்த ஒரு செய்தி. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உளப்படுத்திச் சொன்னால் "நாம்". கேட்பவரை விலக்கிச் சொன்னால் "நாங்கள்". இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. தர இந்தியிலும் இல்லை. "ஹம்" என்று சொல்லிவிட்டால் கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதைச் சூழலைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். ஆனால் ராஜஸ்தானத்து மக்கள் வீட்டில் பேசும் மார்வாரியில் அவ்வேறுபாடு உண்டு: "ஆபாங்" என்பது நம்மை ஒத்தது, "ம்ஹே" என்பது நாங்களை ஒத்தது. அம்மாநிலத்தில் அரசாணைகளும் சங்கத்தின் அறிக்கைகளும் போராட்டப் பதாகைகளும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே வருகின்றன. நோயாளியின் மொழியில் மறைக்க இயலாத ஒன்றை அவ்விரு மொழிகளிலும் எளிதில் மறைத்துவிடலாம். சங்கத்தின் அறிக்கை எதையும் தமிழில் பெயர்த்துப் பாருங்கள். முதல் வாக்கியத்திலேயே கை நின்றுவிடும். "நாம்" என்று எழுதுவதா, "நாங்கள்" என்று எழுதுவதா?

இனி நடந்ததைப் பார்ப்போம். ராஜஸ்தான் அரசு நலவாழ்வு உரிமை மசோதாவை 2022 செப்டம்பரில் சட்டப்பேரவையில் முன்வைத்தது. எதிர்ப்பு எழுந்தமையால் அது தேர்வுக் குழுவுக்குச் சென்று, திருத்தங்களுடன் மீண்டு, 2023 மார்ச் 21 அன்று நிறைவேறியது. நலவாழ்வைச் சட்டப்படியான உரிமையாக ஏற்ற முதல் மாநிலம் ராஜஸ்தானே. சட்டத்தின் பெரும்பகுதி அரசு மருத்துவமனைகளைப் பற்றியது. அதில் எவருக்கும் பெரிய பிணக்கு எழவில்லை. பிணக்கு ஓரிடத்தில்தான். விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி, விதிகளில் குறிக்கப்படும் பிற அவசர நிலைகள் ஆகியவற்றில் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும்; அக்கடமை தனியார் மருத்துவமனைக்கும் உண்டு. சிகிச்சைக்குப் பின் நோயாளி கட்டணம் செலுத்தாவிட்டால், உரிய தொகையை அரசிடமிருந்து பெறும் உரிமை மருத்துவமனைக்கு உண்டு என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. எதிர்ப்பாளர்கள் விநியோகித்த பல பதிவுகளில் முதற்பகுதி மட்டுமே இருந்தது. இரண்டாம் பகுதியை விட்டு முதற்பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவது எங்கள் துறையில் மாணவரின் முதல் பருவக் கட்டுரையிலேயே மதிப்பெண் குறைக்கப்படும் செயல்.

மார்ச் 20 அன்று ஜெய்ப்பூரில் ஊர்வலம் வந்த மருத்துவர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது. நீரைப் பீய்ச்சி அடித்தது. அதைக் கண்டிக்காமல் இப்பதிவைத் தொடர முடியாது. ஆனால் அதன்பின் இரண்டு வாரங்களுக்கு மேல் தனியார் மருத்துவமனைகள் மூடிக் கிடந்தன. அரசு மருத்துவக் கல்லூரிகளின் உறைவிட மருத்துவர்களும் சில நாட்கள் பணியைப் புறக்கணித்தனர். கோரிக்கை, சட்டத்தை முழுமையாகத் திரும்பப் பெற வேண்டும் என்பது. திருத்தம் வேண்டும் என்பதன்று. திரும்பப் பெற வேண்டும் என்பதே. இவ்வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

சட்ட வரைவில் குறை இல்லையா? உண்டு. அவசர நிலை எது என்பதன் எல்லையை விதிகளுக்குத் தள்ளிவிட்டது. அரசு எத்தனை நாளில், எந்த விகிதத்தில் பணம் தரும் என்பதையும் அவ்வாறே தள்ளிவிட்டது. அரசுக் காப்பீட்டுத் திட்டங்களின் நிலுவைக்காகக் காத்திருந்து சலித்த சிறு மருத்துவமனை நடத்துநர் இவ்வாக்குறுதியை நம்பத் தயங்குவதில் நியாயம் உண்டு. இக்குறைகளைச் சுட்டி, வரையறையும் காலக்கெடுவும் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தால், அது அறிவவையின் குரலாக இருந்திருக்கும். நோயாளியும் அதே கோரிக்கையின் பக்கம் நின்றிருப்பார். ஏனெனில் தெளிவற்ற சட்டம் அவரையும் காக்காது. அங்கே "நாம்" என்று சொல்லியிருக்கலாம்.

அவசரச் சிகிச்சைக் கடமை ராஜஸ்தான் சட்டம் புதிதாக இறக்குமதி செய்த பொருளுமன்று. விபத்தில் சிக்கிய ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்க மறுத்து, காவல்துறை வழக்குகளைக் கையாள உரிமை பெற்ற வேறொரு மருத்துவமனைக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்த செய்தியிலிருந்து எழுந்தது பரமானந்த் கட்டாரா வழக்கு. அரசு மருத்துவராயினும் பிறராயினும் உயிர்காக்கும் சிகிச்சையைத் தருவது கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய 2010ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம், அவசர நிலையில் வரும் நோயாளியின் உடல்நிலையைத் தன்னிடமுள்ள வசதிக்கேற்ப நிலைப்படுத்துவதை நிறுவனத்தின் கடமையாக்கியது. அவசர மருத்துவ நிலை எது என்பதற்கு வரையறையும் தந்தது. அச்சட்டத்தை ஏற்ற மாநிலங்களுள் ராஜஸ்தானும் ஒன்று. ஆக, கடமை ஏற்கெனவே இருந்தது, வரையறையும் இருந்தது. 2023இல் புதிதாகச் சேர்ந்தது, அக்கடமைக்கு ஆகும் செலவை அரசு ஏற்கும் என்ற உறுதியே. தனக்குப் பணம் தருவதாகச் சொன்ன பிரிவை எதிர்த்து ஒரு சங்கம் மருத்துவமனைகளை மூடியது என்றால், எதிர்ப்பு அப்பிரிவின் மீதன்று. உரிமை என்ற சொல்லின் மீது, அச்சொல் வழியே உள்ளே வரக்கூடிய மேற்பார்வையின் மீது என்றே நான் கொள்கிறேன். வேறு விளக்கம் உடையவர்கள் எழுதுக, ஆவலுடன் வாசிப்பேன்.

போராட்டம் 2023 ஏப்ரல் 4 அன்று எட்டு அம்ச உடன்பாட்டில் முடிந்தது. அந்த எட்டையும் மாணவர்கள் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். ஐம்பதுக்குக் குறைந்த படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு. நிலமோ கட்டடமோ சலுகையாக அரசிடமிருந்து பெறாமல் அமைந்த எல்லாத் தனியார் மருத்துவமனைகளுக்கும் விலக்கு. தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், அரசு–தனியார் கூட்டில் நடப்பவை, இலவச அல்லது சலுகை நிலம் பெற்றவை, அவ்வாறு நிலம் பெற்ற அறக்கட்டளைகள் நடத்துபவை ஆகியன மட்டும் சட்டத்துக்குள் வரும். குடியிருப்புப் பகுதிகளில் எழுந்துள்ள மருத்துவமனைகளைக் கோட்டா நகர முறையைப் பின்பற்றி முறைப்படுத்துவது பரிசீலிக்கப்படும். போராட்டக் கால வழக்குகள் திரும்பப் பெறப்படும். உரிமங்களுக்கு ஒற்றைச் சாளரம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை போதும். விதிகளில் இனி மாற்றம் செய்வதாயின் சங்கத்தின் இரு பிரதிநிதிகளுடன் கலந்து பேச வேண்டும்.

சிறு நகரத்தில் பத்துப் படுக்கையோடு போராடும் தனி மருத்துவரைக் காக்கவே போராடினோம் என்பது சங்கத்தின் ஆதரவாளர்கள் இன்றும் சொல்லும் சமாதானம். முதல் அம்சத்துக்கு அச்சமாதானம் பொருந்தும்; இரண்டாம் அம்சத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. சொந்த முதலீட்டில் சந்தை விலைக்கு நிலம் வாங்கி முந்நூறு படுக்கையோடு எழுப்பிய நிறுவன மருத்துவமனையை இரண்டாம் அம்சம் வெளியே எடுத்துவிடுகிறது. பத்துப் படுக்கைக்காரரின் துயரத்தைக் காட்டி முந்நூறு படுக்கைக்காரருக்கு விலக்கு பெறப்பட்டிருக்கிறது. தீயணைப்புச் சான்றும் குடியிருப்புப் பகுதி முறைப்படுத்தலும் மருத்துவ அறிவோடு என்ன உறவுடையவை? அவை கட்டட உரிமையாளரின் கோரிக்கைகள். மேசையின் ஒரு புறம் மருத்துவச் சங்கத்தோடு தனியார் மருத்துவமனை, நர்சிங் ஹோம் உரிமையாளர் அமைப்புகளும் அமர்ந்திருந்தன; உடன்பாட்டில் அவர்களும் ஒரு தரப்பு. அங்கே மருத்துவர் யார், உரிமையாளர் யார் என்று பிரிக்க இயலவில்லை. பிரிக்க இயலாதவாறு இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் வலிமை.

ராஜஸ்தான் தனி நிகழ்வு என்று எவரும் எண்ண வேண்டாம். கருநாடகத்தில் 2017 நவம்பரில் இதற்கு முந்தைய ஒத்திகை நடந்தது. தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்கான திருத்தத்தில் கட்டண வரம்பு, மாவட்டக் குறைதீர் குழு, தவறிழைத்தோர்க்குச் சிறை என்பவை இருந்தன. சிறைத் தண்டனைப் பிரிவு முரட்டுத்தனமானது என்றே நானும் கருதுகிறேன். வேலைநிறுத்தம் நடந்தது, மென்மையாக்கப்பட்ட வடிவமே அவையில் நிறைவேறியது. ஒரு மாநிலக் கிளை கற்ற பாடம் அடுத்த கிளைக்குச் செல்ல ஆறாண்டுகூட ஆகவில்லை.

இப்போது 1995க்குத் திரும்புங்கள். அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வி. பி. சாந்தா வழக்கில் மேல்முறையீட்டாளர் இதே இந்திய மருத்துவச் சங்கம். மருத்துவம் வணிகமன்று, மேன்தொழில். ஆகவே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் மருத்துவரைக் கொண்டுவரக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. வழக்கின் ஒரு பகுதி ஆங்கில முன்னிடைச் சொற்களைச் சுற்றியே சுழன்றது: "காண்ட்ராக்ட் ஆஃப் சர்வீஸ்" வேறு, "காண்ட்ராக்ட் ஃபார் சர்வீசஸ்" வேறு. ஒருவருக்குப் பணியாளாக அமர்வது முன்னது. ஒருவருக்குப் பணியைச் செய்து தருவது பின்னது. மருத்துவர் நோயாளிக்குச் செய்வது பின்னது என்று நீதிமன்றம் கண்டு, கட்டணம் பெறும் சேவையைச் சட்டத்துக்குள் வைத்தது. சங்கம் தோற்றது. தோல்வி எனக்குப் பொருட்டன்று. அன்று அது முன்வைத்த வாதமே பொருட்டு. 1995இல் வணிகரல்லோம் என்று வாதிட்ட அமைப்பின் ஒரு கிளை, 2023இல் ஒற்றைச் சாளர உரிமத்தையும் கட்டட முறைப்படுத்தலையும் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டது. மேன்தொழில் என்றால் அதற்குரிய கடமைகளை ஏற்க வேண்டும். வணிகம் என்றால் அதற்குரிய ஒழுங்குமுறையை ஏற்க வேண்டும். கடமை வரும்போது வணிகம், ஒழுங்குமுறை வரும்போது மேன்தொழில் என்று இடம் மாறுவதற்கு இலக்கணத்தில் பெயர் இல்லை. வழக்கில் உண்டு, இங்கே எழுத விரும்பவில்லை.

என் துறையினர் பாடமாகவே நடத்தத்தக்க ஒரு நிகழ்வு இதைவிடச் சிறியது, இதைவிட மோசமானது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளில் இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் 6.8 என்ற பிரிவைச் சேர்த்தது. மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல், பணம் ஆகியவற்றைப் பெறுவதை அது தடுத்தது. அதன் தலைப்பு மருத்துவர்களையும் மருத்துவர்களின் தொழில்சார் சங்கங்களையும் சேர்த்தே குறித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2008இல், இந்திய மருத்துவச் சங்கம் ட்ராபிக்கானா பழச்சாற்றுக்கும் க்வேக்கர் ஓட்சுக்கும் தன் ஏற்பு முத்திரையை வழங்கியிருந்தது என்பதையும், அதற்காகக் கவுன்சில் 2010இல் சங்கப் பொறுப்பாளர்கள்மீது நடவடிக்கைக்கு முனைந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 பிப்ரவரியில் அரசிதழில் ஒரு திருத்தம் வந்தது. 6.8இன் தலைப்பிலிருந்து சங்கங்களைக் குறித்த தொடர் நீக்கப்பட்டது. அவ்வளவே. விதியின் உடலில் பெரிய மாற்றம் இல்லை; பெயர்த்தொடரில் உம்மையால் இணைந்திருந்த இரண்டாம் உறுப்பு மட்டும் உதிர்ந்தது.

கவுன்சிலுக்குத் தனி மருத்துவர்மீதே அதிகாரம், சங்கத்தின்மீது இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சட்டநுட்பப்படி அதில் ஓரளவு பொருளும் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். மருந்து நிறுவனம் ஒரு மருத்துவருக்கு விமானச் சீட்டு வாங்கித் தந்தால் குற்றம். அம்மருத்துவர் உறுப்பினராக உள்ள சங்கத்தின் மாநில மாநாட்டுக்கு அரங்கும் மேடையும் உணவும் தந்தால் இவ்விதியின்கீழ் குற்றமில்லை. ஐந்தாண்டுக்கு முப்பது மணிநேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று அதே விதித்தொகுப்பு மருத்துவரிடம் சொல்கிறது. அத்தொடர்கல்வியைப் பெரும்பாலும் ஏற்பாடு செய்பவை சங்கங்களும் அவற்றின் கிளைகளும். சங்கத்தின் மாநாட்டு அரங்கைச் சுற்றி நிற்கும் கடைகள் எவருடையவை என்று உள்ளே போய்வந்த எந்த மருத்துவ மாணவரையும் கேளுங்கள்.

மருத்துவக் கவுன்சில் போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. 2023 ஆகஸ்ட் 2 அன்று அது அறிவித்த புதிய நன்னடத்தை விதிகள், மருந்து நிறுவனங்களின் நேரடி அல்லது மறைமுக ஆதரவோடு நடக்கும் கல்வி நிகழ்வுகளில் மருத்துவர் பங்கேற்கக் கூடாது என்றன. மருந்துச் சீட்டில் மூலப்பெயரையே எழுத வேண்டும் என்றும் கூறின. மூன்று வாரங்களில் அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. சங்கம் பொதுவெளியில் பேசியது பெரிதும் மூலப்பெயர் மருந்துகளின் தரத்தைப் பற்றி. அது உண்மையான கவலை, தரப் பரிசோதனை வலுவற்ற நாட்டில் அதை எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் மூலப்பெயர்ப் பிரிவோடு மாநாட்டு ஆதரவுப் பிரிவும் சேர்ந்தே உறங்கப் போயிற்று. அதைப் பற்றி மட்டும் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லையென்றால், அப்பிரிவையாவது நடைமுறைக்குக் கொண்டுவருக என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே.

இவ்வளவையும் வாசித்து மருத்துவர்கள்மீது எனக்குப் பகை என்று முடிவு கட்டுபவர்களுக்காக அடுத்த பகுதி. 2022 மார்ச் இறுதியில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டம் லால்சோட்டில், மகப்பேற்றுக்குப் பின் ஏற்பட்ட குருதிப்போக்கால் ஒரு தாய் இறந்தார். சிகிச்சையளித்த மருத்துவர்மீது கொலைக் குற்றம் சுமத்தி முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. மறுநாள் அம்மருத்துவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவர்மீது குற்ற நடவடிக்கை எடுக்குமுன் வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இலேயே வழிகாட்டியிருந்தும் இது நிகழ்ந்தது. 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரை வட்ட மருத்துவமனையில் காவலர்கள் அழைத்துவந்த ஒருவன் இளம் மருத்துவர் ஒருவரைக் குத்திக் கொன்றான். 2024 ஆகஸ்ட் 9இல் கொல்கத்தாவின் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் நடந்ததை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இவற்றுக்காகச் சங்கம் தெருவில் இறங்கினால் அதன் பின்னால் நானும் நடப்பேன். உயிரச்சம் வேறு, மேற்பார்வையச்சம் வேறு. முன்னதன் கண்ணீரைக் கொண்டு பின்னதற்கு வழக்காடுவதே நான் மறுப்பது.

மேலும், கொல்கத்தாவில் 2024இல் நடந்ததைக் கூர்ந்து நோக்குங்கள். ஆகஸ்ட் 17 அன்று இந்திய மருத்துவச் சங்கம் நாடு தழுவி 24 மணிநேரப் பணிப் புறக்கணிப்பு நடத்தியது. ஆனால் மாதக்கணக்கில் போராட்டத்தைத் தாங்கியது மேற்கு வங்க இளநிலை மருத்துவர் முன்னணி என்ற புதிய மாநில அமைப்பு. அக்டோபரில் தர்மதலாவில் அவர்கள் உண்ணாநோன்பு இருந்தபோது முன்வைத்த பத்துக் கோரிக்கைகளுள் பாதுகாப்பும் நீதியும் மட்டும் இல்லை. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை அனுப்புவதற்கு மையப்படுத்திய பரிந்துரை முறை வேண்டும். எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலியாக உள்ளது என்பது மின்னணுப் பலகையில் அனைவர்க்கும் தெரிய வேண்டும் என்பவையும் இருந்தன. படுக்கை இல்லை என்ற சொல்லோடு ஆறு மருத்துவமனை வாயில்களில் அலையும் குடும்பத்தின் கோரிக்கை அது. அதை எழுதியவர்கள் மருத்துவர்கள். தமிழில் அதைத் தயக்கமின்றி "நாம்" என்று பெயர்க்கலாம். அவர்களுள் பெரும்பாலோர் பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும். அவர்களுக்குச் சொந்தமாக மருத்துவமனை இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் சமூகவியல் பேராசிரியர் என் பொருட்டு எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாநிலக் கிளைகளால் நன்மையே விளையாது என்பதும் என் கட்சியன்று. கேரளக் கிளை இருபது ஆண்டுக்கு முன்பே "இமேஜ்" என்ற பெயரில் மருத்துவக் கழிவு அகற்றும் திட்டத்தைத் தொடங்கிப் பாலக்காட்டில் நிலையம் அமைத்தது. வாளையாறு கடந்தால் கஞ்சிக்கோடு. தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் போய்ப் பார்த்து வரலாம். தனி மருத்துவர் எவராலும் செய்ய இயலாததை, அரசு செய்யத் தாமதித்ததை ஒரு சங்கம் செய்தது. இத்தகைய ஆற்றல் உடைய அமைப்பு என்பதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஆற்றலற்ற அமைப்பிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை.

வரலாற்றையும் சிறிது சொல்ல வேண்டும். 1928இல் கல்கத்தாவில் இந்தச் சங்கம் உருவானபோது ஆங்கிலேயர் ஆதிக்கத்திலிருந்த இந்திய மருத்துவப் பணிக்கு எதிராக இந்திய மருத்துவர் தம் தகுதியை நிலைநாட்ட வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டில், 1930இல், இந்தியப் பட்டங்களுக்கான ஏற்பைப் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் விலக்கிக்கொண்டது. அன்று சங்கம் சொன்ன "நாங்கள்" அடிமைப்பட்ட ஒரு நாட்டின் "நாம்" ஆகவும் இருந்தது. அதன் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவரான பி. சி. ராய், பின்னர் போர் குழுவில் உறுப்பினராக இருந்தார். ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவில் இருந்தார். பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் போதிய மருத்துவம் கிடைக்காமற் போகக் கூடாது என்பதை 1946இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை தன் அடிப்படைக் கொள்கையாக வைத்தது. முன்பணம் கேட்காதே என்று 2023இல் ராஜஸ்தான் சட்டம் சொன்னது இக்கொள்கையின் மிகச் சிறிய ஒரு துண்டு. ராயின் பிறந்தநாளான ஜூலை 1ஐ மருத்துவர் நாளாகக் கொண்டாடும் கிளைகள், அவர் பங்கேற்ற அறிக்கையையும் அந்நாளில் ஒருமுறை எடுத்து வாசிக்கலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். மருத்துவமனை உரிமையாளர்களுக்கென்று அமைப்புகள் ஏற்கெனவே உள்ளன. உரிமம், நிலம், கட்டணம் பற்றிய பேச்சுவார்த்தைகளை அவை தம் பெயரிலேயே நடத்தட்டும், மருத்துவர் சங்கம் அம்மேசையிலிருந்து எழுந்துவிடட்டும். அவ்வாறு எழ மனமில்லையென்றால் தன் மாநில நிர்வாகிகளுள் எத்தனை பேர் மருத்துவமனை உரிமையாளர், எத்தனை பேர் ஊதியம் பெறும் மருத்துவர் என்பதை வெளியிடட்டும். மாநாடுகளுக்கு எந்த நிறுவனம் எவ்வளவு தந்தது என்பதைக் கணக்காகத் தன் இணையதளத்தில் வைக்கட்டும். விதி நீக்கப்பட்டால் என்ன, தானே முன்வந்து செய்வதை எந்த அரசிதழும் தடுக்கவில்லை. இவ்விரண்டையும் செய்துவிட்டு அடுத்த சட்டத்தை எதிர்த்தால், அவ்வெதிர்ப்பை நான் வேறு செவியோடு கேட்பேன்.

ராஜஸ்தான் சட்டம் நிறைவேறி இரண்டு ஆண்டுகள் கடந்தபோதும் அதற்கான விதிகள் வெளிவரவில்லை. இடையில் ஆட்சி மாறியது. இதில் இரு கட்சிகளின் பங்கும் உண்டு, அதைத் தனியே எழுத வேண்டும். விதிகள் இல்லையேல் அவசர நிலை எது என்பதும் தெரியாது, பணம் எப்போது வரும் என்பதும் தெரியாது. போராட்டத்தின்போது சங்கம் சுட்டிய குறைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தீர்க்கச் சொல்லி இன்று எந்த மருத்துவமனையும் மூடப்படவில்லை. விதிகள் என்றேனும் எழுதப்பட்டு, பின்னர் மாற்றப்படுமாயின், அப்போது கலந்து பேச அழைக்கப்பட வேண்டிய சங்கப் பிரதிநிதிகள் எத்தனை பேர் என்பது எட்டாம் அம்சத்தில் தெளிவாக இருக்கிறது: இருவர். நோயாளர் தரப்பிலிருந்து எத்தனை பேர் என்று எட்டு அம்சங்களிலும் தேடினேன். எண் எதுவும் இல்லை.